மூன்றாம் வரிசை முதல் நாற்காலி

தட்டியாயிற்று. இனி அதைத் திரும்பப் பெற வழியில்லை.

ஓட்டோகர் நவ்ராட்டில் தம் இரு கைகளையும், யாரோ மறந்து தம் மடியில் வைத்துவிட்டுப் போன பொருள்களைப் பார்ப்பது போல் பார்த்தார். நான்கு தந்திக் கருவிகளுக்கு ஹைடன் எழுதிய நால்வர் இசையில் முதல் பகுதி முடிந்திருந்தது. ஆம், முதல் பகுதி மட்டுமே. இன்னும் மூன்று பகுதிகள் மீதம் இருந்தன. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவே இருமலாம், தொண்டையைக் கனைக்கலாம், இருமல் மிட்டாயின் தாளை, பணக்கார மாமனின் உயிலைப் பிரிப்பது போல் மெல்ல மெல்லப் பிரிக்கலாம். கைதட்டல் மட்டும் கூடாது. வியன்னாவில் மன்னன் போனான், மணிமுடி போயிற்று, மாளிகைகள் காட்சிசாலைகளாயின; இந்த ஒரு சட்டம் மட்டும் போகவில்லை.

மேடையில் நால்வரும் வில் தூக்கிய கையோடு உறைந்திருந்தார்கள்.

அதைவிடப் பெருங்கொடுமை ஒன்று உண்டு. ஓட்டோகர் தட்டியதும் அரங்கமே தட்டிவிட்டது!

ஏன் தட்டியது? அவர் அமர்ந்திருந்த இடம் அப்படி. மூன்றாம் வரிசை முதல் நாற்காலி. லிண்டன்கோஃப் அரங்கின் ஞாயிறு முற்பகல் கச்சேரிகளில் அந்த நாற்காலி தட்டினால் ஊர் தட்டும். அது வாளாவிருந்தால் ஊரும் வாளாவிருக்கும். ஓட்டோகரின் பெரியப்பா, அரசவை ஆலோசகர் எங்கெல்பெர்ட் நவ்ராட்டில், தம் வாழ்நாளெல்லாம் அதில் வீற்றிருந்தார். அரசவை ஒழிந்து நூறாண்டு ஆயிற்று. ஆலோசகர்கள் மட்டும் அந்த ஊரில் ஒழியவில்லை. ஒரு பாட்டு எங்கே முடிகிறது என்பதில் அதை எழுதியவருக்கே ஐயம் வரலாம், எங்கெல்பெர்ட்டுக்கு வராது. அதிலும் இக்காலத்தவர் எழுதும் புத்திசைக்கு அவர் இன்றியமையாதவர். முடிந்துவிட்டதா, நரம்பு அறுந்துவிட்டதா என்று மற்றவர்கள் மலங்க மலங்க விழிக்கும் வேளையில் அவர் கைகள் எழும். அவை எழுந்தால் ஐயம் விழும். கற்றவர் நிறைந்த அந்த அவையில் தம் காதை நம்பியவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் நம்பியது அந்தப் பெரியவரின் கைகளை.

வசந்தத்தில் பெரியப்பா மறைந்தார். நாற்காலி வாரிசுக்கு வரும். ஆனால் அப்படியே வந்துவிடாது. வாரிசு ஒரு முற்பகல் அதில் அமர்ந்து காட்ட வேண்டும். தகுதி உண்டா இல்லையா என்று சங்கத் தலைவி அடெல்குண்டே ட்ராக்ஸ்லர் இடைவேளையில் தீர்ப்புச் சொல்வார். அவருடைய கணவர் வணிக ஆலோசகர். கணவர் இறந்தார், பட்டம் இறக்கவில்லை. ஆகவே எல்லோருக்கும் அவர் ஆலோசகரம்மா.

ஓட்டோகருக்கு இசையில் ஆசையா? இல்லை. நாற்காலியில் ஆசையா? அதுவும் இல்லை. அவருடைய ஆசை பக்கத்து நாற்காலியில் இருந்தது. அதில் அமர்பவர் பல் மருத்துவர் வலேரி செட்லாச்செக். பெரியப்பாவை அடக்கம் செய்துவிட்டு அனைவரும் உண்ட பகல் உணவின்போது, உருளைக்கிழங்குக் கிண்ணத்தை நகர்த்திக்கொண்டே வலேரி கேட்டார்: "பெரியப்பா மாதிரியே உங்களுக்கும் அந்தக் காது உண்டா?" ஓட்டோகர் நெஞ்சை நிமிர்த்தி, "எங்க குடும்பத்துக்கே ரத்தத்துல ஊறினது" என்றார். அந்த ஒரு பொய்க்குப் பின் அவர் காலையும் மாலையும் பல் துலக்கியதில் காட்டிய பக்தியை எந்தத் துறவியும் எந்தத் தெய்வத்திடமும் காட்டியதில்லை.

நாற்காலி கிடைத்தால் மாதந்தோறும் வலேரியின் அருகில். கிடைக்காவிட்டால்? அது மருத்துவ ஆலோசகர் ஹாஸ்லிங்கருக்குப் போகும். நேர் பின்னால், நான்காம் வரிசையில், அந்த நாற்காலியின் முதுகையே பார்த்துப் பார்த்து முதுமையடைந்த மனிதர் அவர்.

இப்போது அவருடைய மூச்சு ஓட்டோகரின் பிடரியில் சுட்டது.

"தம்பி, நடுவுல தட்டிட்டீங்களே! பெரியவர் உயிரோட இருந்திருந்தா இன்னைக்கு இன்னொரு தடவை செத்திருப்பார்."

வலேரியும் தலையைச் சாய்த்தார். "ஏன் தட்டினீங்க, நவ்ராட்டில் சார்?"

தெரியாமல் தட்டினேன் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சொல்வாரா? காதலிப்பவன் என்றைக்கு ஐயா தெரியாது என்று சொல்லியிருக்கிறான்?

"ஹைடன் காலத்துல பகுதிக்குப் பகுதி தட்டுவாங்க டாக்டரம்மா. நாமதான் பிற்பாடு கெட்டுப்போயிட்டோம்."

அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். அது உண்மையும்கூட என்பது அவருக்கே தெரியாது. ஹாஸ்லிங்கர் அதைப் பக்கத்தில் சொன்னார். பக்கம் வரிசைக்குச் சொன்னது. வரிசை தலைவிக்குச் சொன்னது. ஆலோசகரம்மா கைப்பிடி வைத்த கைக்கண்ணாடி வழியே ஓட்டோகரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆராய்ச்சி பண்ணியிருக்கான்" என்றார்.

விளைவு என்ன? இரண்டாம் பகுதி முடிந்ததும் அரங்கத்தின் கண்கள் அத்தனையும் மூன்றாம் வரிசைக்குத் திரும்பின. கைகள் மடியில் தயாராக இருந்தன. வியர்த்து விறுவிறுத்த ஓட்டோகர், இனி உயிர் போனாலும் தட்டுவதில்லை என்று அப்போதுதான் சூளுரைத்திருந்தார்.

"இப்ப ஏன் தட்டல?" பின்னாலிருந்து ஹாஸ்லிங்கர்.

"தட்டற அளவுக்கு இல்லை."

அதுவும் வரிசை வரிசையாகப் பயணம் போயிற்று. மெதுவான பகுதி தரமில்லையாம்! முதல் வயலின்காரரின் காதுக்கு மேடை விளிம்பிலேயே செய்தி எட்டிவிட்டது. அவர் முகம் சுண்ணாம்பாயிற்று.

மூன்றாம் பகுதியும் கைதட்டலின்றிப் போய், நான்காம் பகுதி வந்தது. ஹைடன் குறும்புக்காரர், முடிந்தது போல் நிறுத்துவார், மூச்சு விடுவதற்குள் மீண்டும் துள்ளி ஓடுவார். ஒரு நிறுத்தத்தில் ஓட்டோகரின் கைகள் எழுந்தன, இசை எழுந்தது, கைகள் விழுந்தன. இன்னொரு நிறுத்தத்திலும் அதுவே. ஆகவே இசை உண்மையிலேயே முடிந்தபோது அவர், 'என்னை யாரென்று நினைத்தாய், ஹைடன்?' என்று உள்ளுக்குள் நகைத்தபடி கைகட்டி அமர்ந்திருந்தார். அரங்கமும் கைகட்டி அமர்ந்திருந்தது.

நால்வரும் எழுந்தார்கள். வெறும் மௌனத்துக்குத் தலைவணங்கினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். துக்க வீட்டிலிருந்து கிளம்புவது போல் வரிசையாக வெளியேறினார்கள். கதவு சாத்திக்கொண்டது.

"முடிஞ்சுபோச்சு!" என்று வலேரி பல்லைக் கடித்தார். "தட்டுங்க!"

ஓட்டோகர் தட்டினார். உடனே இடி இடித்தது போல் அரங்கம் அதிர்ந்தது. ஆடவரும் பெண்டிரும், ஆலோசகரும் ஆலோசகரின் மனைவியரும், ஆளில்லாத நான்கு நாற்காலிகளை நோக்கி ஆரவாரமாகக் கைதட்டினார்கள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த, நால்வரில் ஒருவரான செல்லோக்காரர், யாரைப் பாராட்டுகிறார்கள் என்று புரியாமல் தம் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"என்ன ஒரு கண்டிப்பு!" என்று ஹாஸ்லிங்கரின் பக்கத்தில் யாரோ வியந்தார்கள். "போன பிறகு தட்டறாரு பாருங்க. பெரியவருக்குக்கூட இந்தத் துணிச்சல் கிடையாது."

இந்த ஓட்டோகர் வேலையில் சாமானியர் அல்லர். நகரத்தின் சாலைச் சந்திப்புகளில் எந்த விளக்கு எப்போது சிவக்க வேண்டும், எப்போது பச்சையாக வேண்டும் என்று வகுக்கும் அலுவலகத்தில் தலைமை அலுவலர். அவர் நில் என்றால் வியன்னா நிற்கும். வீதியில் வண்டியே இல்லாவிட்டாலும் நிற்கும். கொட்டும் மழையில் குடை இல்லாமல் நிற்கும். ஊரின் கால்களுக்கெல்லாம் வேளை குறித்துக் கொடுத்தவருக்குத் தம் கைகளுக்கு வேளை குறிக்கத் தெரியவில்லை.

அடுத்தது புத்திசை. அதை முதலில் வைத்தால் மக்கள் தாமதமாக வருவார்கள். கடைசியில் வைத்தால் முன்னதாகவே ஓடுவார்கள். ஆகையால் ஹைடனுக்கும் பீத்தோவனுக்கும் நடுவே, குழந்தையின் வெல்லக்கட்டிக்குள் மருந்தை ஒளிப்பது போல் ஒளித்து வைப்பது அந்தச் சங்கத்தின் வழக்கம். அது முடிந்துதான் இடைவேளை. இடைவேளையில்தான் தீர்ப்பு.

எழுதியவரே வந்திருந்தார். ரோஸ்வித்தா பிர்ஹெக்கர், கறுப்பு அங்கி, சிவப்புக் காலணி. மேடையேறி ஒரு கணம் அரங்கை உற்றுப் பார்த்தார்.

"சத்தத்துக்கு நிழல் இருக்கு. மௌனத்துக்கு எலும்பு இருக்கு. இதை ஆரம்பிச்சு வெச்சது நான். முடிச்சு வைக்கப்போறது நீங்க. அவ்வளவுதான்."

"ஆகா!" என்றது அரங்கம். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆகவே எல்லோரும் தலையாட்டினார்கள். ரோஸ்வித்தா கடைசி வரிசைக்குப் போய் அமர்ந்தார்.

ஓட்டோகர் இம்முறை ஒரு திட்டம் வகுத்தார். முதல் வயலின்காரரின் வில்லை மட்டும் பார்ப்பது. வில் மடிக்கு இறங்கினால் தட்டுவது. எளிய திட்டம், ஏமாறாத திட்டம், சிவப்பு, பச்சை போல் திட்டவட்டமான திட்டம்.

இசை தொடங்கியது. கொஞ்ச நேரம் கொந்தளித்தது, குமுறியது, குடத்தில் அடைத்த தேனீக்கள் போல் இரைந்தது. பின்பு அடங்கியது. செல்லோக்காரர் விரல் முட்டியால் தம் வாத்தியத்தின் மரத்தில் ஒரு தட்டு: 'டொக்.' வியோலா என்னும் பெரிய வயலினை வைத்திருந்தவர் கனத்த மனிதர். அவர் வில்லை அழுத்தி இழுத்தார்: 'கிரீச்…' வளைவில் திரும்பும் டிராம் வண்டி தோற்றது. இரண்டாம் வயலினிலிருந்து ஓர் 'உஸ்'. முதல் வயலினின் உச்சி நரம்பில் ஒரு சொட்டு: 'ட்டிங்.' நான்கு விற்களும் மடிக்கு இறங்கின. நால்வரும் தலை நிமிர்ந்து அரங்கைப் பார்த்தார்கள். மௌனம்.

பச்சை! ஓட்டோகரின் கைகள் எழுந்தன.

'டொக்.'

கைகள் அந்தரத்தில் நின்றன. நல்ல வேளை! மயிரிழையில் தப்பினார். எழுந்த கைகளால் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். 'கிரீச்… உஸ்… ட்டிங்.' விற்கள் இறங்கின. நால்வரும் நிமிர்ந்தார்கள். மௌனம். ஓட்டோகர் எச்சரிக்கையாகக் கொஞ்சம் காத்தார். இப்போது தட்டலாம் என்று கையை எடுத்தார்.

'டொக்.'

"பார்த்தீங்களா?" என்று வலேரியிடம் குசுகுசுத்தார். "அவசரப்பட்டிருந்தா மானம் போயிருக்கும்."

"உங்களுக்கு இது தெரியும்தானே?"

"ஒவ்வொரு சுரமும் தெரியும்."

இனிக் கைகளை நம்புவதற்கில்லை என்று முடிவுசெய்து, இரண்டையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் தம் முழு எடையோடு அமர்ந்தார். 'டொக், கிரீச், உஸ், ட்டிங்.' மௌனம். முதல் வயலின்காரர் அவரையே பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். தட்டினால் தொலைத்துவிடுவேன் என்கிறார் என்று ஓட்டோகர் எடுத்துக்கொண்டார். அடுத்த சுற்றில் மௌனத்தை இன்னும் நீட்டினார்கள். இவர் பொறுமையை இன்னும் நீட்டினார். அதற்கடுத்த சுற்றில் செல்லோக்காரர் இவரைப் பார்த்துத் தலையையே ஆட்டினார். 'தெரிகிறது, தெரிகிறது, அவசரப்படமாட்டேன்' என்று இவரும் தலையாட்டினார். செல்லோக்காரர் கண்களை மூடிக்கொண்டார். 'டொக்.'

வெளியே தேவாலயத்தில் நண்பகல் மணி அடித்தது. அதையும் இசையில் ஒரு பகுதி என்றெண்ணி முன்வரிசை தலைசாய்த்து ரசித்தது.

நவம்பர் மாதம். வாத்து உண்டே கொண்டாடும் மார்ட்டின் திருநாள் வாரம். அரங்கத்தில் இருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏதோ ஒரு விடுதியில் வாத்து வறுபட்டுக்கொண்டிருந்தது. சிவப்பு முட்டைக்கோசுப் பொரியலும் மாவுருண்டையும் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தன. தாமதமானால் வாத்தின் தோல் மொறுமொறுப்பு இழந்து வெறும் தோலாகவே போய்விடும். அந்தத் துயரம் ஆயிரம் நாற்காலிகளுக்கு அடியில் மெல்லப் புகைந்தது. எழுந்து போகலாமே என்றால், இசையின் நடுவே எழுந்து போவதைவிட அங்கேயே உயிரை விடுவது மரியாதை என்று வளர்க்கப்பட்ட மக்கள் அவர்கள்.

ஒரு மௌனத்தின் ஆழத்தில் ஹாஸ்லிங்கரின் வயிறு நீளமாக உறுமியது. இரண்டாம் வரிசையில் ஒருவர் கண்ணை மூடி, "அற்புதம்" என்றார்.

"தம்பி," என்று ஹாஸ்லிங்கர் பின்னாலிருந்து கெஞ்சினார். "தட்டிடுங்க தம்பி. முடிஞ்சிருச்சுன்னு நினைக்கிறேன்."

ஓட்டோகர் உள்ளுக்குள் சிரித்தார். கண்ணி வைக்கிறான் கிழவன்! தவறான இடத்தில் தட்டவைத்து நாற்காலியைப் பிடுங்கப் பார்க்கிறான்!

"முடிஞ்சிருச்சுன்னா நீங்களே தட்டுங்களேன், ஐயா."

"நானா? தப்பாப் போச்சுன்னா?"

"அப்ப எனக்கு மட்டும்?"

"உங்க நாற்காலி வேற, என் நாற்காலி வேற, தம்பி."

இதுதான் அந்த அவையின் இலட்சணம். தட்டத் துடித்த கைகள் எத்தனை! தட்டத் துணிந்த கை எது? மண்டையில் படிப்பு இருந்தது, மார்பில் பதக்கம் இருந்தது, ஆனால் கையைக் கையோடு சேர்க்க ஒருவரிடமும் துணிவு இல்லை. சந்திப்பில் சிவப்பு விளக்கு; வீதியில் வண்டி இல்லை; ஊர் நின்றுகொண்டிருந்தது.

முதல் வரிசையிலிருந்து காதுக்குக் காது ஒரு செய்தி வந்து சேர்ந்தது. வலேரி அதை ஓட்டோகரிடம் ஒப்படைத்தார்.

"ஆலோசகரம்மா கேக்கறாங்களாம், இன்னும் எவ்வளவு நேரம்னு."

"இசை முடியறப்ப முடியும்னு சொல்லுங்க."

அது காதுக்குக் காது திரும்பிப் போயிற்று. ஆலோசகரம்மா அதைக் கேட்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்டது இங்கிருந்தே தெரிந்தது. 'டொக். கிரீச். உஸ். ட்டிங்.'

ஓட்டோகர் கடைசி நம்பிக்கையாகத் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். படைத்தவர் முகத்திலாவது ஏதேனும் குறிப்பு இருக்காதா? ரோஸ்வித்தா இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"எழுதின அம்மாவே அழறாங்க!" என்று ஓட்டோகர் நடுங்கினார். "இப்ப தட்டினா அது கொலை, டாக்டரம்மா."

மேடையில் வியோலாக்காரரின் கை வெடவெடவென்று ஆடியது. 'கிரீச்' இப்போது 'கிர்ர்…' ஆகத் தேய்ந்திருந்தது. அதிலும் ஒரு புதுமை கண்டு சிலர் சிலிர்த்தார்கள்.

வலேரி மெல்ல அவர் பக்கம் சாய்ந்தார். கூந்தலில் கிராம்புத் தைல வாசம்.

"உங்க பெரியப்பாவுக்கு எங்க தட்டணும்னு எப்படித் தெரிஞ்சுது, சொல்லுங்க பார்ப்போம்."

"காது, டாக்டரம்மா. தெய்வக் காது."

"வயிறு. பசிச்சா தட்டிடுவாரு. எங்கிட்டயே சொல்லியிருக்காரு. இத்தனை வருஷத்துல ஒரு ஆளும் அவரைத் தப்புன்னு சொன்னதில்லையாம்."

ஓட்டோகருக்கு உலகம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. காது என்று ஊரே கும்பிட்டது வெறும் வயிறா? தீர்ப்பு என்று திகைத்து நின்றது வெறும் பசியா? ஆயிரம் பேர் அடிபணிந்தது மாவுருண்டைக்கா?

சிலை உடைந்த அதிர்ச்சியில் அவருடைய பொய்யும் உடைந்தது.

"எனக்கு இசையே தெரியாது," என்றார். "ஒரு சுரமும் தெரியாது. நான் இந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டு வரல. நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அந்த நாற்காலிக்குப் பக்கத்துல எது இருந்தாலும் வந்திருப்பேன். தூணா இருந்தாலும் வந்து நின்னிருப்பேன்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்."

"எப்படி?"

"உருளைக்கிழங்கை மெல்லாமலே முழுங்கினீங்க. பல் டாக்டருக்கு அது தெரியாதா?"

"இப்ப என்ன பண்றது?"

"பச்சை விழுந்தாச்சு, ஓட்டோகர். கையைக் குடுங்க."

"மரத்துப்போச்சு. வரமாட்டேங்குது."

"பிடுங்கறதுதானே என் தொழில்."

சொல்லி முடிக்குமுன் வலேரி ஒரு காலைத் தரையில் ஊன்றி, தேர்ந்த ஒரு திருகலோடு அவருடைய வலக்கையைத் தொடைக்கு அடியிலிருந்து பிடுங்கினார். இடக்கை வரவில்லை. அதற்குக் காத்திருக்கவும் இல்லை. தம் சொந்தக் கையை ஓங்கி அந்தக் கையில் அடித்தார்.

ஒரே ஓர் ஒலி. பாதி அவருடையது, பாதி இவருடையது.

அணை உடைந்தது! அரங்கம் எழுந்தது! ஆலோசகர்கள் நாற்காலிமேல் ஏறாத குறை. பெண்கள் கைக்குட்டையை ஆட்டினார்கள், ஆண்கள் அழுதார்கள், நான்காம் வரிசையில் ஹாஸ்லிங்கர் இரு கைகளும் சிவக்கச் சிவக்கத் தட்டியபடி "வாழ்க! வாழ்க!" என்று அலறினார். மேடையில் நால்வரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். கடைசி வரிசையில் ரோஸ்வித்தா நாற்காலியிலிருந்து அப்படியே தரைக்குச் சரிந்தார். அதைப் பணிவு என்று கொண்டு அரங்கம் இன்னும் பலமாகத் தட்டியது.

ஆலோசகரம்மா மேடையேறினார். கைக்கண்ணாடி நனைந்திருந்தது.

"இதுக்கு மேல இன்னைக்கு பீத்தோவன் வாசிச்சா அது அத்துமீறல். எல்லாரும் வீட்டுக்குப் போங்க," என்றார். 'வாத்துக்கு' என்று வந்த சொல்லை வாய்க்குள்ளேயே மடக்கிக்கொண்டார். பிறகு மூன்றாம் வரிசையை நோக்கி நடந்து வந்தார். "நவ்ராட்டில் சார், நாங்க எல்லாரும் தட்டணும்னு தவிச்சோம். நீங்க ஒருத்தர்தான் தாங்கினீங்க. உங்க பெரியப்பா நல்ல ஆரம்பம். நீங்கதான் சிகரம். நாற்காலி ஆயுசுக்கும் உங்களோடது."

"நான்தான் பின்னாலேர்ந்து தைரியம் சொல்லிக்கிட்டே இருந்தேன், ஆலோசகரம்மா," என்றார் ஹாஸ்லிங்கர். இவரும் தலையாட்டினார், அவரும் தலையாட்டினார், ஓட்டோகர் மட்டும் தம் இடக்கையைத் தொடைக்கு அடியிலிருந்து மெல்ல மீட்டுக்கொண்டிருந்தார்.

மேலங்கிகள் வாங்கும் இடத்தில் பெருங்கூட்டம். எல்லோரும் அந்த மௌனத்தைப் பற்றியே பேசினார்கள். மரணம் அது என்றார் ஒருவர். பிறப்பு என்றார் இன்னொருவர். ஐரோப்பாவின் மனச்சான்று என்று மூன்றாமவர் சொன்னதும் முதல் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஓட்டோகர் வலேரிக்கு மேலங்கியைப் பிடித்தார். இரண்டு கைகளும் இன்னும் மரத்திருந்ததால் வலேரியின் கை நுழைய வேண்டிய இடத்தில் ஓட்டோகரின் கைதான் முதலில் நுழைந்தது.

"வாத்துக்கு மேசை சொல்லி வெச்சிருக்கேன்," என்றார் வலேரி. "ரெண்டு பேருக்கு."

"எப்ப சொன்னீங்க?"

"போன வாரமே."

ஓட்டோகர் ஓரடி உயரம் வளர்ந்தார். பட்டம் வந்துவிட்டால் மனிதனுக்குக் குரலும் மாறிவிடும் அல்லவா? தோளில் ஈரத்துண்டு போட்டு, வலக்கையை இடக்கையால் தாங்கியபடி அந்தப் பக்கமாகத் தள்ளாடி வந்த வியோலாக்காரரைக் கண்டதும் அவர் ஆயுட்கால நாற்காலியின் கம்பீரத்தோடு வழிமறித்தார்.

"அந்த முடிவு இருக்கே, ஐயா! திரும்பத் திரும்ப வர்ற அந்த மௌனம்! அதுல என்ன ஒரு ஆழம்! எங்க தட்டணும்னு கண்டுபிடிக்கறதுக்கு என் மாதிரி ஆளே திணறிப்போயிட்டேன்னா பாருங்களேன்!"

வியோலாக்காரர் ஈரத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆழமும் இல்ல, மண்ணும் இல்ல, சார், யாராவது கைதட்டற வரைக்கும் கடைசிப் பக்கத்தையே திருப்பித் திருப்பி வாசிக்கணும்னு அந்த அம்மா எழுதி வெச்சிருக்காங்க. லின்ஸ் ஊர்ல எங்களை ரெண்டாவது தடவையே விட்டுட்டாங்க!"